ஜேம்ஸ் வெப் எத்தனை மடங்கு பெரிதாக்கும்?

திருமங்கலத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பையனின் பிறந்தநாளுக்கு ஒரு தொலைநோக்கி வாங்கிக் கொடுத்தாராம். பெட்டியின் மேல் 525 மடங்கு என்று போட்டிருக்கிறது. ‘அப்படியென்றால் ஜேம்ஸ் வெப் எத்தனை மடங்கு, பல லட்சமா? அதில் லென்ஸே கிடையாது, கண்ணாடிதான் என்கிறார்களே, லென்ஸ் இல்லாமல் எப்படிப் பெரிதாக்கும்?’ என்பது கேள்வி. மடங்கைப் பற்றிக் கேட்டிருந்தாலும், தொலைநோக்கியில் எந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது, வெப் என்ற விண்வெளித் தொலைநோக்கியைப் போய் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் எதற்கு வைத்தார்கள் என்பதுதான் அவர் தெரிந்துகொள்ள விரும்புவது என்று எடுத்துக்கொள்கிறேன். மடங்குக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் இருபத்தெட்டு வருடம் இயற்பியல் நடத்தினேன். ஆறு அங்குலத்தில் ஒன்று, எட்டு அங்குலத்தில் ஒன்று என்று இரண்டு தொலைநோக்கி ஆடிகளைக் கையாலேயே தேய்த்துச் செய்திருக்கிறேன். விண்வெளிக்குப் போன கருவி எதையும் தொட்டதில்லை. ஆகவே ஆடியின் வடிவத்தைப் பற்றி நான் சொல்வது பட்டுத் தெரிந்துகொண்டது. ஹபிள், வெப் ஆகிய விண்வெளித் தொலைநோக்கிகள் பற்றிய எண்கள் அவற்றைக் கட்டியவர்கள் வெளியிட்டவை.

ஒரு சொல்லையும் இங்கேயே சரிசெய்துவிடலாம். நமக்கு முகம் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி, ஜன்னலில் பதித்திருப்பதும் கண்ணாடி. வெப்பில் இருக்கும் ‘கண்ணாடி’ இந்த மூன்றில் எதுவும் இல்லை. அது பெரிலியம் என்ற உலோகத் தகடு, மேலே தங்கப் பூச்சு. குழப்பம் வராமல் இருக்க, பள்ளிப் புத்தகத்தில் படித்த ‘ஆடி’ என்ற சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டு மொட்டைமாடியில் டிஷ் இருக்கும், ஏறிப் பாருங்கள். அது ஒரு குழியாடி. மேலே இருக்கும் செயற்கைக்கோளின் அலை தட்டு முழுவதும் வந்து விழுகிறது. விழுந்ததெல்லாம் திரும்பி, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன டப்பாவில் போய்ச் சேருகிறது. இது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்று டிஷ் மாட்ட வந்த பையனிடம் யாரும் கேட்பதில்லை. நிறைய அலையை வாங்கி ஒரு புள்ளிக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. தொலைநோக்கியின் முதன்மை ஆடிக்கும் அதே வேலைதான். லென்ஸ் ஒளியை உள்ளே விட்டு வளைத்துக் குவிக்கும். ஆடி முகத்திலேயே திருப்பி அனுப்பிக் குவிக்கும். லென்ஸில் சிவப்பு ஓரிடத்தில் குவியும், நீலம் கொஞ்சம் தள்ளிக் குவியும். அது போக, லென்ஸை விளிம்பில் மட்டும்தான் தாங்கிப் பிடிக்க முடியும். பெரிதாகச் செய்தால் தன் எடையிலேயே தொய்ந்துவிடும். ஆராய்ச்சிக்கு உழைத்த லென்ஸ் தொலைநோக்கிகளில் பெரியது 1897-இல் அமெரிக்காவின் யெர்க்கிஸ் ஆய்வகத்தில் வந்தது. அதன் லென்ஸ் ஒரு மீட்டர் குறுக்களவு. அதோடு அந்த வழி நின்றுவிட்டது. ஆடிக்கு நிறப்பிரிகை கிடையாது, முதுகு முழுவதும் தாங்கல் கொடுக்கலாம்.

டிஷ்ஷுக்குத் திரும்பலாம். அழகர்கோவில் பக்கம் குரங்கு ஏறி உட்கார்ந்து லேசாக நெளித்துவிட்ட டிஷ்ஷிலும் படம் வந்துகொண்டுதான் இருக்கும். காரணம், அந்த அலையின் நீளம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். இரண்டு மில்லிமீட்டர் நெளிவு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் அரை மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ஆடியின் எந்த மூலையில் பட்டுத் திரும்பினாலும் ஒளி கடந்து வரும் தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். இருந்தால்தான் அலையின் முகடும் முகடும் சேர்ந்து வலுவாகும். சித்திரைத் தேர் வடத்தைப் பிடித்தவர்கள் ஒரே குரலுக்கு ஒன்றாக இழுப்பது போல. ஆளுக்கொரு நேரம் இழுத்தால் கூட்டம் எத்தனை இருந்தும் தேர் அசையாது. இந்தத் தூர வித்தியாசம் அலைநீளத்தில் ஒரு சிறு பங்கைத் தாண்டினாலே படம் கலங்கும். அதனால் ஆடியின் மேடுபள்ளத்தை நானோமீட்டரில் அளக்கிறார்கள். ஒரு நானோமீட்டர் என்பது மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இது கையில் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். என் ஆறு அங்குல ஆடியின் நடுக்குழி மொத்தமே 1.2 மில்லிமீட்டர் ஆழம். கார்பொரண்டம் தூள் போட்டுக் கண்ணாடிமேல் கண்ணாடியைத் தேய்த்தால் தானாக ஒரு கோளக் குழி விழும். அதுவரை சுலபம். அந்தக் கோளத்தை, ஒளியை ஒரே புள்ளியில் சேர்க்கும் பரவளையமாக மாற்ற வேண்டும். இரண்டுக்கும் விளிம்பில் உள்ள வித்தியாசம் மைக்ரானில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சீரியம் ஆக்சைடைத் தடவி, கீல் பூசிய தட்டில் மெல்ல மெருகேற்றி எடுப்பது அந்தக் கொஞ்சத்தைத்தான். சோதிப்பதற்கு எட்டடி தள்ளி ஒரு ஊசித்துளை விளக்கும் ஒரு பிளேடும் போதும். ஆடியிலிருந்து திரும்பி வரும் ஒளியைப் பிளேடு முனையால் பாதி மறைத்துப் பார்த்தால், மைக்ரானின் சிறு பங்கு மேடுகூட மலைபோல் நிழல் விழுந்து தெரியும். பெருவிரலை ஆடியின் மேல் ஒரு நிமிடம் வைத்து எடுத்துப் பாருங்கள். விரல் பட்ட இடம் சூட்டில் உப்பி மேடாக நிற்கும், பிறகு மெல்ல அடங்கும். ஒளி போகும் வழியில் உள்ளங்கையை நீட்டினால், கையிலிருந்து சூடான காற்று புகைபோல எழும்புவது தெரியும். மாணவர்களுக்கு இதைக் காட்டியபோதெல்லாம் வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிடும்.

நான் மாட்டிக்கொண்டதும் இந்தச் சூட்டில்தான். மே மாதம், புழுக்கம், இரண்டு மணி நேரம் தொடர்ந்து மெருகேற்றியிருந்தேன். பொறுமை இல்லாமல் அப்போதே பிளேடு முன்னால் வைத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு மேடு. சரி, எடுத்துவிடலாம் என்று இன்னும் அரை மணி நேரம் அந்த இடத்தையே தேய்த்தேன். காலையில் ஆடி ஆறியிருந்தது. மேடு இருந்த இடத்தில் பள்ளம். நான் தேய்த்து எடுத்தது கண்ணாடியின் மேட்டை இல்லை, சூட்டின் மேட்டை. திரும்பக் கோளத்துக்குக் கொண்டுபோய், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

அளக்கும்போது ஏமாந்தவன் நான் மட்டுமில்லை. ஹபிள் 1990 ஏப்ரலில் மேலே போனது. அதன் முதன்மை ஆடி 2.4 மீட்டர். அவ்வளவு வழுவழுப்பாக மெருகேறிய ஆடி அதற்கு முன் அபூர்வம். ஆனால் வடிவம் தவறு: விளிம்பு 2.2 மைக்ரான் அதிகமாகத் தட்டையாகிவிட்டது. தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆடியைச் சோதிக்கும் கருவிக்குள் ஒரு லென்ஸ் இருக்க வேண்டிய இடத்திலிருந்து 1.3 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தது. தவறான அளவுகோலுக்குச் சரியாகப் பொருந்தும்படி, மிகத் துல்லியமாகத் தேய்த்துவிட்டார்கள். வேறு இரண்டு எளிய சோதனைகளில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தும், பெரிய கருவியைத்தான் நம்பினார்கள். இந்த இடம்தான் எனக்கு எப்போதும் உறுத்தும்.

மீண்டதும் அந்தத் துல்லியத்தால்தான். பிழை ஆடி முழுவதும் ஒரே கணக்கில் இருந்ததால், எதிர்க் கணக்கில் ஒரு திருத்தம் வைக்க முடிந்தது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய், காசு அளவுக்குச் சின்னச் சின்ன ஆடிகள் கொண்ட ஒரு பெட்டியை உள்ளே பொருத்தினார்கள். முக்கியக் கேமராவையும் திருத்தத்தோடு செய்த புதிய கேமராவாக மாற்றினார்கள். கண் ஆஸ்பத்திரிக்குப் பேர்போன ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: ஹபிளின் கண்ணாடிக்குக் கண்ணாடி போட்டார்கள்.

சரி, மேலே எதற்கு? ஹபிளின் அளவுக்குக் கிட்டத்தட்ட ஒப்பான ஓர் ஆடி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தில் உள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர்; 1986-லிருந்து வேலை செய்கிறது. குறுக்களவில் ஹபிளுக்கு ஆறு சென்டிமீட்டர்தான் குறைவு. கூர்மையிலோ ஹபிளை நெருங்க முடியாது. காரணம் ஆடி இல்லை, காற்று. மத்தியான வெயிலில் ரிங் ரோட்டின் தார்மேல் எதிரே வரும் லாரி நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். இரவிலும் காற்று அப்படித்தான் நெளிகிறது, கொஞ்சம் மெல்ல. நட்சத்திரம் மினுக்குவது அதனால்தான். தரையிலிருந்து பார்த்தால் நட்சத்திரப் புள்ளி சாதாரணமாக ஒரு ஆர்க்விநாடி அகலத்துக்குப் பரவிவிடும். ஒரு ஆர்க்விநாடி என்பது ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு. காற்று இல்லாத இடத்தில் 2.4 மீட்டர் ஆடி 0.06 ஆர்க்விநாடி வரை பிரித்துக் காட்டும். அதற்குக் கீழே போக ஒளியே விடாது. ஒளி அலை என்பதால் எந்த ஆடியும் ஒரு நட்சத்திரத்தைப் புள்ளியாகக் குவிக்காமல், ஒரு சின்ன வட்டமாகத்தான் குவிக்கும். விளிம்பு விளைவு என்று படித்தது இதைத்தான். ஆடி பெரிதானால் அந்த வட்டம் சிறுக்கும், அலைநீளம் பெரிதானால் வட்டமும் பெருக்கும்.

0.06 எவ்வளவு என்று மனதில் நிற்க ஒரு கணக்கு. மதுரையிலிருந்து கொடைக்கானல் நேர்கோட்டில் சுமார் 75 கிலோமீட்டர். நடுவில் மலையும் காற்றும் இல்லையென்று வைத்துக்கொண்டால், கொடைக்கானலில் யாரோ தூக்கிப் பிடித்திருக்கும் பத்து ரூபாய் நாணயம் இங்கிருந்து 0.07 ஆர்க்விநாடி அகலம் தெரியும். ஹபிளின் கூர்மை அந்த அளவு. நாணயத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முடியாது. இரண்டு நாணயத்தைப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தால் இரண்டு என்று சொல்லிவிடலாம்.

இங்கே பலரும் எதிர்பார்க்காத ஒன்று. வெப்பின் ஆடி 6.5 மீட்டர். ஆனாலும் ஹபிளைவிட அது கூர்மை என்று சொல்லிவிட முடியாது. வெப் பார்ப்பது பெரும்பாலும் அகச்சிவப்பு, 0.6-லிருந்து 28.5 மைக்ரான் வரை. இரண்டு மைக்ரானில் அதன் வட்டம் 0.08 ஆர்க்விநாடிக்குக் கொஞ்சம் உள்ளே. கிட்டத்தட்ட அதே கொடைக்கானல் நாணயம்தான். அலைநீளம் நான்கு மடங்கு நீண்டதால் ஆடியையும் பெரிதாக்கித்தான் ஹபிள் பக்கத்தில் வந்து நிற்க முடிந்தது. அகச்சிவப்பு எதற்கென்றால், மிகத் தொலைவிலிருந்து வரும் ஒளி பிரபஞ்சத்தின் விரிவால் நீண்டு, கண்ணுக்குத் தெரிந்த ஒளியாகக் கிளம்பியது அகச்சிவப்பாக வந்து சேருகிறது. தூசு மேகங்களுக்குள்ளும் அது புகுந்து வரும்.

அகச்சிவப்புக்குக் குளிர் வேண்டும். சித்திரை மாதம் ராத்திரி பத்து மணிக்கு மொட்டைமாடித் தளத்தின் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனால் அனல் அடிக்கும்; சூடான எந்தப் பொருளும் அகச்சிவப்பை வீசிக்கொண்டே இருக்கும். தொலைநோக்கியே சூடாக இருந்தால் அது தன் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருக்கும், டியூப் லைட்டைக் குழாய்க்குள் எரியவிட்டு நட்சத்திரம் பார்ப்பது போல. அதனால்தான் சூரியனும் பூமியும் நிலவும் எப்போதும் ஒரே பக்கமாக இருக்கும் அந்த 15 லட்சம் கிலோமீட்டர் இடம். அதனால்தான் டென்னிஸ் மைதானம் அளவுக்கு ஐந்தடுக்குத் திரை. திரையின் வெயில் பக்கம் 85 டிகிரி வரை போகும்போது ஆடி இருக்கும் பக்கம் பூஜ்யத்துக்குக் கீழே 230 டிகிரி போல இருக்கிறது.

அந்தக் குளிரில் உலோகம் சுருங்கும், வடிவம் மாறும். என் மே மாத ஆடியின் பிரச்சினையே பெரிய அளவில். அவர்கள் செய்தது எனக்கு மிகவும் பிடித்த வேலை: ஆடித் துண்டுகளை நாசாவின் குளிர் அறையில் வைத்து உறையவிட்டு, அந்தக் குளிரில் எங்கே எவ்வளவு நெளிகிறது என்று அளந்தார்கள். பிறகு சாதாரண வெப்பத்தில் வேண்டுமென்றே அதற்கு எதிரான தவறான வடிவத்துக்கு மெருகேற்றினார்கள், குளிர்ந்ததும் சரியாகிவிடும்படி. பெரிலியத்தை எடுத்ததும் அதற்குத்தான். எடை குறைவு, விறைப்பு அதிகம், அந்தக் கடுங்குளிரில் வெப்பம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அசையாது. கடைசியில் ஒவ்வொரு துண்டிலும் மிஞ்சிய மேடுபள்ளம் சராசரியாக இருபது, இருபத்தைந்து நானோமீட்டர். 1.3 மீட்டர் அகலத் துண்டை மதுரையிலிருந்து சென்னை வரை இழுத்து விரித்தால் அந்த மேடுபள்ளம் ஒரு சென்டிமீட்டர்கூட வராது.

தங்கத்தைப் பற்றிப் பெரிய கதை வேண்டாம். அகச்சிவப்பை நன்றாகத் திருப்பி அனுப்பும், கறுக்காது. 25 சதுர மீட்டருக்கும் சேர்த்துப் பூசியது 48 கிராம், அதாவது ஆறு பவுன். நம் ஊர்க் கல்யாணங்களில் அதைவிட அதிகமாகவே கழுத்தில் ஏறும். தங்கம் நீல ஒளியை விழுங்கிவிடும். வெப் நீலத்தையும் புற ஊதாவையும் பார்க்காததற்கு அதுவும் ஒரு காரணம். ஹபிளுக்கு அலுமினியப் பூச்சு.

ஆறரை மீட்டரை அப்படியே வைக்க ராக்கெட்டில் இடமில்லை. அதனால் பதினெட்டு அறுகோணத் துண்டுகள், மடக்கி அனுப்பினார்கள். 2021 கிறிஸ்துமஸ் அன்று கிளம்பியது. ஒவ்வொரு துண்டின் பின்னாலும் ஏழு சிறு இயக்கிகள். ஆறு, துண்டை நகர்த்தவும் சாய்க்கவும், ஒன்று அதன் குழிவைக் கூட்டிக் குறைக்க. நகர்த்தும் அடி பத்து நானோமீட்டர் வரை சிறிதாகும். 2022 பிப்ரவரியில் சப்தரிஷி மண்டலத்தில் உள்ள ஒரு தனி நட்சத்திரத்தை நோக்கித் திருப்பியபோது ஒரே நட்சத்திரம் பதினெட்டுப் புள்ளிகளாகத் தெரிந்தது. ஒவ்வொரு துண்டாக ஆட்டி, எந்தப் புள்ளி எந்தத் துண்டுக்கு உரியது என்று கண்டுபிடித்து, எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். அடுக்கியதோடு வேலை முடியவில்லை. முகடும் முகடும் சேர வேண்டும் என்றேனே, அதற்காகத் துண்டுகளை நானோமீட்டர் கணக்கில் முன்னும் பின்னும் நகர்த்தி, மார்ச்சில்தான் பதினெட்டும் ஓர் ஆடியாயின.

ஒளி போகும் வழி இது: பெரிய குழியாடியில் பட்டு, ஏழு மீட்டர் முன்னால் மூன்று கால்களில் நிற்கும் 74 சென்டிமீட்டர் குவியாடிக்குப் போய், அங்கிருந்து திரும்பிப் பெரிய ஆடியின் நடு ஓட்டை வழியாகப் பின்னால் உள்ள மூன்றாவது ஆடிக்குப் போகிறது. பிறகு ஆட்டத்தைச் சமன்செய்யும் ஒரு தட்டையான சின்ன ஆடி, அதன்பின் கேமரா. ஹபிளில் இரண்டே வளைந்த ஆடிகள். மூன்றாவது ஒன்று இருந்தால் படத்தின் ஓரங்களும் நடுவைப் போலவே தெளிவாக வரும். இந்த மடக்கலால் ஏழெட்டு மீட்டர் நீளத்துக்குள் 131 மீட்டர் குவியத் தொலைவு கிடைத்துவிடுகிறது. வெப் படங்களில் நட்சத்திரத்துக்கு ஆறு பெரிய முள்ளும் குறுக்கே இரண்டு சின்ன முள்ளும் இருப்பதைப் பையன் கேட்பான்; பெரியவை அறுகோண விளிம்புகளால் வருபவை, குறுக்கே உள்ளவை தாங்கும் காலால் வருபவை. வானத்தில் அப்படி எதுவும் இல்லை.

எல்லா விண்வெளித் தொலைநோக்கியும் இப்படி நேருக்கு நேர் ஒளியைத் திருப்புவதில்லை. எக்ஸ் கதிர் ஆடியில் நேராக மோதினால் உள்ளே போய்விடும். கண்மாயில் ஓட்டுச்சில்லைத் தாழ்வாக வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அந்தச் சாய்வில் வந்தால்தான் தெறிக்கும். நம் சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கி 1999-இல் போன சந்திரா தொலைநோக்கியின் ஆடிகள் அதனால் ஒன்றுக்குள் ஒன்று செருகிய பீப்பாய்கள் போல இருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் உறுதியானவை. அவ்வளவு உறுதியில்லாத இரண்டும் உண்டு. படங்களின் நிறம்: அகச்சிவப்புக்குக் கண்ணுக்குத் தெரியும் நிறம் கிடையாது. நீண்ட அலைக்குச் சிவப்பு, குட்டை அலைக்கு நீலம் என்று மனிதர்கள் ஒதுக்கியது அது. வடிவத்தை நம்புங்கள், நிறத்தை ஒரு வரைபடத்தின் நிறம் போல எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று ஆயுள். எரிபொருள் இருபது வருடத்துக்கு மேல் வரும் என்று கணித்திருக்கிறார்கள். ஆனால் 2022 மே மாதம் ஒரு நுண்கல் பட்டு ஒரு துண்டு எதிர்பார்த்ததைவிட அதிகம் நெளிந்தது. அப்படி இன்னும் எத்தனை படும் என்பது கணிப்புதான்.

இப்போது மடங்கு. மடங்கு என்பது கண்ணை வைத்துப் பார்க்கும் ஐபீஸுக்கான கணக்கு. வெப்பில் யாரும் கண் வைப்பதில்லை, அதனால் அதற்கு மடங்கு இல்லை. உங்கள் பையனுடையதில், பெட்டியில் குவியத் தொலைவு 700 மில்லிமீட்டர் என்று இருக்கும் என நினைக்கிறேன். 4 மில்லிமீட்டர் ஐபீஸ் போட்டால் 175, அதன்மேல் மூன்று மடங்கு பார்லோ, அதாவது மடங்கைக் கூட்டும் துணை லென்ஸ், போட்டால் 525. கணக்கு பொய்யில்லை. ஆனால் 60, 70 மில்லிமீட்டர் லென்ஸ் சேகரிக்கும் விவரம் 120, 140 மடங்கோடு தீர்ந்துவிடும். அதற்கு மேல் கலங்கலைத்தான் பெரிதாக்குகிறோம். பார்லோவைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். 20 மில்லிமீட்டர் ஐபீஸ் இருந்தால் அதைப் போடுங்கள், 35 மடங்கு வரும். முழு நிலவு அன்று வேண்டாம், வளர்பிறை ஏழாம் எட்டாம் நாளில் பாருங்கள். நிழல் விழும் எல்லையில் பள்ளங்கள் எழும்பி நிற்கும். வியாழன் கிடைத்தால் அதன் பக்கத்தில் நான்கு நிலவுகளும் வரிசையாகத் தெரியும். சூரியன் பக்கம் மட்டும் எக்காரணத்துக்கும் திருப்பவிடாதீர்கள். வீட்டுக்குள் ஏசி ஓடுகிறதென்றால், பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பே தொலைநோக்கியை மாடியில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். அது மாடியின் சூட்டுக்கு வந்த பிறகுதான் படம் நிற்கும்.